அஞ்சாவது ரேஸ்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்மாய்க்குள் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, வலது காலால் சேற்றைத் துழாவி, சீமைக்கருவேலக் கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தை மாதத் தண்ணீர். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. கட்டை தட்டுப்பட்டால் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, நுனியில் சிவப்புத் துணியைக் கட்டுவேன். அந்தப் பக்கம் படகு வரக் கூடாது என்று அர்த்தம். கட்டைகள் இருக்கிற இடம் எனக்கு முக்கால்வாசி தெரியும். வெட்டினவனே நான்தான். கண்மாய் காய்ந்து கிடந்த வருசங்களில் உள்ளே காடாக மண்டியிருந்த கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைத்தோம். கரிக்கு வெட்டுகிறவன் மரத்தை வேரோடு பிடுங்க மாட்டான். முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுத்தான் வெட்டுவான். அடுத்த மழைக்கு அது துளிர்த்தால்தான் அவனுக்கு மறுபடியும் வேலை. அப்படி நான் விட்ட கட்டைகள்தான் இப்போது தண்ணீருக்கடியில் நின்றுகொண்டு, படகுக்குக் கீழே இறங்கி நிற்கிற நடுப்பலகையை உடைக்கக் காத்திருந்தன.

கரைமேல் பைக்கை நிறுத்திவிட்டு மாரிச்சாமி அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மடையை ஒட்டின மாதிரி நாலு ஏக்கர் வைத்திருக்கிறவர். கண்மாய்க் கமிட்டியில் அவர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

"ஏலே காசி, கண்மாய்க்குள்ள என்னலே கொடி நட்டுக்கிட்டு இருக்க? கட்சி கிட்சி ஆரம்பிக்கப் போறியா?"

"ரெண்டு நாளைக்குத்தாண்ணே."

"எலெக்சனுக்கும் இப்படித்தான் சொல்லுவாக. அப்புறம் அஞ்சு வருசம் கழட்ட மாட்டாக."

சிரித்துவிட்டு, "சாயங்காலம் எத்தனை மணிக்கு மடைய அடைப்ப?" என்று கேட்டார். பொழுது இறங்கும்போது என்றேன். அதற்குள் தன் வயலுக்கு ஒரு நனைப்பு நனைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பைக்கைக் கிளப்பினார்.

மடையைத் திறப்பதும் அடைப்பதும் என் வேலை. இந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி நான். அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று அளந்து போடுவார்கள். கண்மாய்க்குக் கீழே ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவனைத்தான் நீர்பாய்ச்சியாக வைப்பது. தனக்கென்று வயல் இருக்கிறவன் தண்ணீரைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பத்தான் செய்வான். ஒரு நாள் முழுக்க மடை திறந்திருந்தால் கண்மாயில் மூன்று விரல் தண்ணீர் இறங்கும். ரெண்டு நாளில் ஆறு விரல். ஆறு விரல் இறங்கினால் தெற்கு மூலையில் எந்தப் படகும் கட்டையைத் தட்டாமல் திரும்ப முடியாது. அதனால் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மடையை அடைத்து வைக்க அனுமதி கேட்டு, போன மாதமே கோயில் முன்னால் கூட்டத்தில் நின்றேன். நெற்கதிர் பால் பிடிக்கிற நேரம். ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில், வெள்ளிக்கிழமை எல்லா வயலுக்கும் ஒரு நனைப்புக் கொடுத்துவிட்டால் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் தாங்கும் என்று மாரிச்சாமி அண்ணன்தான் முடித்து வைத்தார். வெளியூர்க்காரர்கள் படகு எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கண்மாய்க்கு வருகிறார்கள் என்பதில் அவருக்கும் ஒரு பெருமை இருந்தது.

படகு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எட்டடி நீளம். பிளைவுட்டில் செய்தது. ஒரு ஆள், ஒரு பாய், ஒரு சுக்கான். எல்லாப் படகும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே அளவுப் பாய் என்பதுதான் இந்தப் படகு வகுப்பின் சட்டம். ஜெயித்தால் அது ஓட்டினவரின் கெட்டித்தனம், படகினுடையது இல்லை. சென்னையில் ஒரு படகு கிளப்பில் பதினோரு வருசம் கரையாளாக இருந்தேன். படகைத் தூக்குவது, சுரண்டுவது, கழுவுவது. பாயில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்துத்தான் எண்ணும் எழுத்தும் படித்தேன். அவர்கள் ஃபைபர் படகுக்கு மாறினபோது, பழைய பிளைவுட் படகு அஞ்சை எரிக்கப் போனார்கள். இங்கிருந்து கரி ஏற்றி வந்து சும்மா திரும்புகிற லாரியில் கேட்டு ஏற்றிவிட்டு, நானும் பின்னாலேயே ஊருக்கு வந்துவிட்டேன். என் முதுகும் அதற்கு மேல் தாங்கவில்லை. இப்போது மாநிலத்தில் இந்த வகுப்பில் ஓடுகிற படகு மொத்தம் ஒன்பது. எங்களுடையது அஞ்சு, தூத்துக்குடியில் மூன்று, சென்னையில் ஒன்று. இந்த வகுப்புக்குச் செயலாளராக இருந்தவர் வெளிநாடு போகும்போது பைலை எனக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பத் தெரியாததால் நான் செயலாளர் ஆனேன். ரேஸ் நடத்துவதற்கும் மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதி அட்டை வாங்கியிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் அந்த அட்டை வேறு யாரிடமும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

வருசத்துக்கு ஒரு முறை சாம்பியன்ஷிப் நடத்த வேண்டும். குறைந்தது அஞ்சு ரேஸ் ஓடினால்தான் அது கணக்கு. போன ரெண்டு வருசமும் அஞ்சு முடியவில்லை. ஒரு வருசம் புயல், ஒரு வருசம் காற்றே இல்லை. மூன்றாவது வருசமும் முடியாவிட்டால் வகுப்பைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவோம் என்று மாநிலச் சங்கம் கடிதம் போட்டிருந்தது. இந்த முறை மேற்பார்வைக்கு ஒரு ஆளையும் அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தூத்துக்குடிப் படகுகள் வந்து இறங்கின. கரி எடை போடுகிற தராசை வேப்பமரத்தில் தொங்கவிட்டு ஒவ்வொரு படகாக நிறுத்தேன். அவர்கள் படகு ஒன்று ரெண்டு கிலோ குறைந்தது. குறைந்தால் அந்த எடைக்கு இரும்புத் துண்டைப் படகில் பொருத்த வேண்டும். தராசில்தான் கோளாறு என்று அவர்கள் சொன்னார்கள். கரி வியாபாரியின் தராசை நம்பலாமா என்று ஒருத்தர் சிரித்தார். இந்தத் தராசில் கரி விற்கிறவன் நான், வாங்குகிறவன் இல்லை, குறைத்துக் காட்டினால் எனக்குத்தானே நட்டம் என்று விளக்கி, எல்லாப் படகையும் மறுபடி நிறுத்து, இரும்பை முடுக்கி முடிக்கும்போது பொழுது இறங்கிவிட்டது. ஓட்டமும் நடையுமாக மடைக்குப் போய் சாவியைச் சுற்றி ஷட்டரை இறக்கினேன். உடம்பெல்லாம் வலி. அடைக்கிறதுக்கு முன்னால் வாய்க்காலோடு நடந்து கடைசி வயல் வரைக்கும் போய், தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்துதான் அடைக்க வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒன்றரை கிலோமீட்டர் போக, ஒன்றரை கிலோமீட்டர் வர. அன்றைக்கு நான் போகவில்லை. காலையிலிருந்து திறந்து கிடந்த மடை, கடைசி வரைக்கும் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று ரேஸ் ஓடுவதாகத் திட்டம். ரெண்டுதான் ஓடியது. காலையில் அடித்த வாடைக்காற்று பதினொரு மணிக்கெல்லாம் செத்துவிட்டது. கொண்டல் வரும் வரும் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். கடலில் இருந்து புறப்பட்டு வருகிற காற்று, சில நாள் மூன்று மணிக்கு இங்கே வந்து சேரும், சில நாள் நரிக்குடிப் பக்கமே நின்றுவிடும். அன்றைக்கு வரவில்லை.

படகுகளைக் கரையேற்றிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சோலையம்மாள் மதினி வந்தார். வாய்க்காலின் கடைசியில் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர். புருசன் இறந்து ஆறு வருசம். பிள்ளை திருப்பூரில். நட்டதிலிருந்து களை எடுப்பது வரை ஒத்தை ஆள்.

"தம்பி, என் வயலுக்குத் தண்ணி வரலையே" என்றார். சத்தம் போடவில்லை.

"நேத்து பூரா மடை தொறந்துதான மதினி கெடந்துச்சு?"

"தொறந்து கெடந்துச்சு. மேல உள்ளவுக ரெண்டு நாள் அடைக்கப் போறாங்கன்னு வரப்பு முட்ட வாங்கிக்கிட்டாக. நான் பொழுது அடையிற வரைக்கும் வயலுக்குத் தண்ணி நொழையிற வாமடையில உக்காந்திருந்தேன். சத்தம் கேக்கும், வந்துருச்சுன்னு எந்திரிப்பேன். தவளை."

நான் கையில் இருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ பாக்க வருவேன்னு இருந்தேன்" என்றார்.

அவரோடு போய்ப் பார்த்தேன். வரப்பில் ஏறினதுமே தெரிந்தது. இலை நுனி சுருண்டு நின்றது. கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. என் நாலு விரலும் உள்ளே போனது. கதிரை நசுக்கிப் பார்த்தால் பால் கொஞ்சம் இருந்தது. ஏழு நாள் முன்னால் குடித்த வயல். இன்னும் ஒரு வெயில் தாங்கும். ரெண்டு வெயில் தாங்காது. பால் வற்றினால் அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் பதர்தான்.

"நாளைக்குத் தெறந்து விட்டுர்றேன் மதினி. ரேஸ் முடிஞ்ச உடனே."

"எத்தனை மணிக்கு?"

"காலையில வாடை அடிக்கும். பன்னெண்டுக்குள்ள மூணையும் முடிச்சிருவேன்."

"சரி" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டில் முருகலட்சுமி மறுநாள் சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னேன். "ஏங்க, ஒரு ஆளு ரெண்டு வேலைக்கு ஒத்துக்கிடலாம். ரெண்டு எடத்துல நிக்க ஒத்துக்கிடலாமா?" என்றாள். பிறகு, "நான் வேணா போயி வாய்க்கால்ல நிக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போன வருசம் வாமடை வெட்டுகிற சண்டையில் ஒருவருக்கு மம்பட்டி பட்டு ஆறு தையல். கடைசி வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் மேலே உள்ள நாற்பது வாமடையையும் அடைத்து, ஒவ்வொன்றாகக் காவல் காத்து, மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நீர்பாய்ச்சி நின்றால் மம்பட்டியைத் தூக்க மாட்டார்கள். வேறு யார் நின்றாலும் தூக்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நல்ல வாடை. நான் டிரம் கட்டின தெப்பத்தில் உட்கார்ந்து கொடி ஏற்றி, பழைய லாரி ஹாரனை அமுக்கி ரேஸை ஆரம்பித்தேன். புறப்பட அஞ்சு நிமிசம் இருக்கும்போது ஒரு ஹாரன், நாலு நிமிசம் இருக்கும்போது ஒன்று, ஒரு நிமிசம் இருக்கும்போது ஒன்று, அப்புறம் புறப்பாடு. மேற்பார்வைக்கு வந்த ராம்குமார் சார் பக்கத்தில் நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ரேஸில் தேவிபிரியா முதலாவது வந்தாள். நாலாவதில் ரெண்டாவது. அருப்புக்கோட்டையில் தறிக்காரர் சென்னய்யாவின் மகள். பாலவனத்தம் பக்கம் மில்லில் வேலை பார்க்கிறாள். முதல் நாள் இந்தக் கண்மாயில் படகில் ஏறினபோது பயத்தில் தெலுங்கில் என்னைத் திட்டினவள். இன்றைக்கு மொத்தப் புள்ளியில் அவள்தான் முன்னால். மாநில சாம்பியன் என்று சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கியிருக்கிற ஒரு வேலைக்கு மனுப் போடலாம். அதற்கான வயது வரம்பு அவளுக்கு இந்த வருசத்தோடு முடிகிறது. மூன்று நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

நாலாவது ரேஸ் முடியும்போது மணி பத்தே முக்கால். கடைசிப் படகு முடிவுக் கோட்டைத் தாண்டுவதற்குள் பாய் தொங்கிவிட்டது. கண்மாய் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆனது. வானமும் கரைமேல் இருக்கிற பனைகளும் தலைகீழாகத் தண்ணீரில் அசையாமல் நின்றன.

கரையில் மடை மேடையின் நிழலில் சோலையம்மாள் மதினி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மம்பட்டி. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. கடைசி ரேஸை நாலு மணிக்குள் புறப்பட வைக்க வேண்டும், அதற்கு மேல் ஆரம்பிக்கக் கூடாது என்று விதியில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தவனும் நான்தான். படகுகள் ஆங்காங்கே மிதந்தன. தூத்துக்குடிக்காரர்கள் பாயை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்கள். முருகலட்சுமி கரையில் புளியோதரைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மதினிக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்ததைப் பார்த்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. நான் தெப்பத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மடையைத் திறந்தால் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். வயல் குடித்து முடிக்க ரெண்டரை மணி நேரம். ஆறேகாலுக்கு இருட்டிவிடும். இருட்டினால் காவல் காக்க முடியாது. ரெண்டு மணிக்குத் திறக்காவிட்டால் இன்றைக்குத் திறந்தும் பிரயோசனம் இல்லை. நாலு மணி நேரம் மடை ஓடினால் கண்மாயில் அரை விரல்கூட இறங்காது. ரேஸுக்குத் தண்ணீர் குறையாது. குறைவது நான் ஒருத்தன்தான்.

ஒன்றரை மணிக்குத் தெப்பத்தைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ராம்குமார் சாரிடம் விசயத்தைச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அண்ணே, நானே ரேஸை நடத்தி, நானே சரின்னு எழுதுனா அது செல்லாது. உங்க பேரத்தான் நடத்துறவர்னு அனுப்பியிருக்கீங்க. நீங்க இல்லாம ஓடுனா யாராவது ஒருத்தர் ஆட்சேபிச்சாலே போச்சு."

"நாலு ஓடியிருக்கே சார்?"

"அஞ்சு வேணும்ல."

மாரிச்சாமி அண்ணன் பல் குத்திக்கொண்டே கிட்டே வந்தார். "ஏலே, இதுக்கா இம்புட்டு யோசனை? அஞ்சுன்னு எழுதிப் போடுங்கப்பா. கண்மாய்த் தண்ணியா சாட்சி சொல்லப் போகுது?"

ராம்குமார் சார் வேறு பக்கம் பார்த்தார். தேவிபிரியா படகைக் கரையில் இழுத்துவிட்டு இடுப்பளவு ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஓடாத ரேஸுல நான் எப்படி மாமா ஜெயிக்கிறது?" என்றாள் அவரிடம்.

"ஜெயிச்சுட்டுத்தானத்தா இருக்க?"

"அஞ்சாவதுல தோத்தாலும் தோப்பேன்."

அவர் குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மூணு மணி வரைக்கும் பாருங்களேன். நேத்துதான் கொண்டல் வரல. இன்னைக்கு வந்துரும்."

"வராமயும் போகலாம் பாப்பா."

"வந்துட்டா?"

"அந்த மதினி வயலுக்கு நான்தான் பாத்துட்டு அடைச்சிருக்கணும். பாக்கல" என்றேன்.

அவள் மடை மேடைப் பக்கம் பார்த்தாள். சோலையம்மாள் மதினி இவ்வளவு பேச்சும் காதில் விழுகிற தூரத்தில்தான் இருந்தார். எழுந்து வரவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"அவுக மடைய நீங்க பாக்குறீங்க. எங்க ரேஸ யாருண்ணே பாப்பா?" என்று கேட்டாள் தேவிபிரியா. கேட்டுவிட்டு, என்னிடம் அப்படிப் பேசிவிட்டோமே என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டு, போய்ப் படகுக்குள் உட்கார்ந்து நடுப்பலகையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

இன்னும் பத்து நிமிசம் நின்றேன். பனையோலை ஒன்றுகூட ஆடவில்லை. கொடியை இறக்கவில்லை. இறக்கினால் ரேஸ் இல்லை என்று அர்த்தம். அப்படியே விட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு மடை மேடையில் ஏறினேன். திருகு இறுகிப்போயிருந்தது. மதினி எழுந்து வந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். உள்ளே தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது. மணி ரெண்டு.

வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் நடந்தேன். ஒவ்வொரு வாமடையாக மண் வெட்டிப் போட்டு மிதித்து அடைத்தேன். மாரிச்சாமி அண்ணன் வயலில் கெண்டைக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நெல்லுக்கு நடுவில் கொக்கு நின்றுகொண்டிருந்தது. அந்த வாமடையை மட்டும் ரெண்டு மடங்கு மண் போட்டு அடைத்தேன். காய்ந்த வாய்க்கால் பாதித் தண்ணீரைத் தானே குடித்துவிடும். சருகையும் எறும்பையும் தள்ளிக்கொண்டு, ஒரு கஜம் வரும், நிற்கும், குடிக்கும், மறுபடி வரும். நான் மேலே போய்ப் பார்ப்பேன், கீழே வருவேன். ரெண்டு இடத்தில் அடைப்பு கசிந்தது. ஒரு இடத்தில் கசியவில்லை, யாரோ குதிகாலால் இடித்துவிட்டிருந்தார்கள். ஆள் தெரியவில்லை. சோளத்தட்டை அடுக்கி வைத்திருந்த படப்புக்குப் பின்னால் பீடி வாசம் மட்டும் வந்தது. மறுபடி அடைத்துவிட்டு, "நான் இங்கதான் இருக்கேன்" என்று படப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். படப்பு இருமியது.

மூன்றரை மணிக்குத் தண்ணீர் மதினியின் வாமடைக்கு வந்தது. உள்ளே இறங்கினதும் பரவவில்லை. முதல் வெடிப்பில் விழுந்து காணாமல் போனது. அடியில் குடுகுடுவென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு கஜம் தள்ளி இன்னொரு வெடிப்பிலிருந்து குமிழி வந்தது. மதினி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வயலுக்குள் நின்றார். குமிழி வருகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போனார். நான் வரப்பில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ரெண்டு நாளாக உட்காரவே இல்லையோ என்று தோன்றியது. தெப்பத்தில் உட்கார்ந்திருந்தேன்தான். அது வேறு.

முதலில் காதோரம்தான் தெரிந்தது. கிழக்கே திரும்பிப் பார்த்தேன். தூரத்துப் பருத்திக் காட்டில் செடிகள் எல்லாம் ஒரே பக்கமாக வெளுப்பைத் திருப்பின. பிறகு கருவேல வேலி சலசலத்தது. பிறகு வயல். நெல் முழுக்க ஒரு தடவை கண்மாயைப் பார்த்துக் குனிந்தது, நிமிரவில்லை, குனிந்தபடியே நின்றது. நல்ல கொண்டல். ஈரமான, தட்டையான, நின்று அடிக்கிற காற்று. இப்படி ஒரு காற்றுக்கு இந்தக் கண்மாயில் நான் எத்தனையோ வருசம் காத்திருந்திருக்கிறேன். என்னைத் தாண்டிக்கொண்டு அது மேற்கே போனது. இன்னும் ரெண்டு நிமிசத்தில் கரையைத் தாண்டி அவர்கள் பாயில் ஏறும். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

மணி பார்த்தேன். மூன்று நாற்பது. ஓடினால் கால் மணி நேரத்தில் கரை. தெப்பத்தில் ஏறி முதல் ஹாரனை அமுக்கும்போதே நாலைத் தாண்டும். நாலு ஆகிவிட்டதா என்பதற்கு என்னுடைய வாட்சைத்தான் பார்ப்பார்கள், அதைப் பத்து நிமிசம் பின்னால் தள்ளி வைக்கலாம். ராம்குமார் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தால் துடைத்துக்கொண்டே இருப்பார். தேவிபிரியா கேட்க மாட்டாள். எழுந்து நின்றுவிட்டேன். கையில் மம்பட்டி இருந்தது.

கரைமேல் ஒரு ஆள் தெரிந்தார். உருவத்தைப் பார்த்தால் மாரிச்சாமி அண்ணன்தான். தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டிருந்தார். கத்தவும் செய்திருப்பார். எதிர்க்காற்றில் சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை. சோளப் படப்புக்குப் பின்னாலிருந்தும் ஒரு தலை எழுந்து கரையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"ஒன்னையத்தான் கூப்புடுறாக போல" என்றார் மதினி.

"ஆமா."

"காத்து வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு."

அவர் வயலைப் பார்த்தார். ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. குனிந்து, வாமடையில் சிக்கிக் கிடந்த ஒரு சருகுக் கத்தையைக் கையால் வாரி வரப்பில் போட்டார்.

நான் வாய்க்காலோடு மேலே நடந்தேன். இடிந்திருந்த அந்த அடைப்பு வரைக்கும் போய் நின்றேன். படப்புத் தலை உட்கார்ந்துகொண்டது. அடைப்பின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டேன். மண் இன்னும் இறுகவில்லை, பாதத்துக்கு அடியில் மெல்ல நெகிழ்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் என் கால்விரல்களைத் தடவிக்கொண்டு கிழக்கே போனது. அதற்கு எதிராகக் காற்று. வாய்க்கால் முழுக்கச் சின்னச் சின்னத் திரை விழுந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றே பார்த்தால் தெரியாத மாதிரி இருந்தது. கரைமேல் அவர் துண்டைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டார். ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். துண்டு மட்டும் அவர் கையிலிருந்து கண்மாய்ப் பக்கமாக, பலகை மாதிரி, விறைத்து நின்றது.